சிக்னல் ஆட்களை எண்ணட்டும்: மெல்பர்ன் டிராம்களின் முதலுரிமை பற்றி எங்கள் நிலைப்பாடு

மெல்பர்ன் சந்திப்புகளில் பச்சை விளக்கின் நேரத்தை, வரும் ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். இன்று வண்டிகளின் வரிசைக்கே முதலிடம் கிடைக்கிறது. டிராம் பயணிகளின் அமைப்பாக இதை மாற்றக் கோருகிறோம்.

இங்குள்ள டிராம் வலையமைப்பு உலகிலேயே பெரியது. சுமார் 250 கிலோமீட்டர் இரட்டைத் தண்டவாளத்தில் முக்கால் பங்கு, கார்களும் ஓடும் சாலையிலேயே கிடக்கிறது. சராசரி வேகம் மணிக்கு 16 கிலோமீட்டர்தான்; சைக்கிளில் நிதானமாகப் போகிறவர் கூட அந்த வேகத்தில் போய்விடுவார். 33 மீட்டர் நீளமுள்ள 'இ' வகை டிராமில் 210 பேர் ஏறலாம். நிறைந்து வரும் அப்படியொரு டிராமைச் சிவப்பில் நிறுத்திவிட்டு, குறுக்குத் தெருவிலிருந்து பத்துக் கார்களை அனுப்புவதை நியாயமான பங்கீடாக நாங்கள் ஏற்கவில்லை.

டிராம் அருகில் வருவதை அறிந்து பச்சையைச் சில நொடிகள் நீட்டவும், சிவப்பைச் சற்று முன்னதாக முடிக்கவும் தொழில்நுட்பம் எப்போதோ வந்துவிட்டது. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பல நிறுத்தங்கள் சிக்னலுக்கு முன்னால் அமைந்திருக்கின்றன. பச்சை எரியும்போது டிராம் கதவைத் திறந்து நிற்கிறது. கைத்தடியோடு ஒரு பாட்டி படியேறுகிறார், தள்ளுவண்டிக் குழந்தையோடு ஒரு தாய் இறங்குகிறார். அவர்களுக்கு எத்தனை நொடி ஆகும் என்று எந்தக் கணினியாலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது, அவர்களை அவசரப்படுத்தவும் கூடாது. கதவு மூடும்போது விளக்கு சிவந்துவிடும். நீட்டித்த பச்சை யாருக்கும் பயன்படாமல் போகும். ஆகவே நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி வையுங்கள். சக்கர நாற்காலியும் ஏறும்படி மேடை கட்டுங்கள். இதைச் செய்யாமல் சிக்னலை மட்டும் மாற்றினால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

அடுத்தது வலப்பக்கம் திரும்பும் கார். நகர மையத்தில் பல சந்திப்புகளில் 'ஹூக் டர்ன்' முறை உண்டு. திரும்ப வேண்டியவர் இடது ஓரம் ஒதுங்கிக் காத்திருப்பதால் தண்டவாளம் காலியாக இருக்கும். 19ஆம் தடம் ஓடும் சிட்னி சாலை போன்ற இடங்களிலோ, ஒற்றைக் கார் தண்டவாளத்தின் மேல் நின்றாலும் பின்னால் வரும் டிராம் விலகிப் போக வழியில்லை. அங்கே நெரிசல் நேரத்தில் வலப்பக்கத் திருப்பத்தைத் தடை செய்ய வேண்டும், அல்லது டிராம் வருமுன் அந்தக் கார்களை வெளியேற்றும் தனி அம்புக்குறி வேண்டும்.

நடந்து கடப்பவர்களின் நேரத்தில் ஒரு நொடியைக் குறைப்பதையும் எதிர்ப்போம். டிராமில் ஏற வருகிறவர்களும் அவர்கள்தானே. ஆம்புலன்சுக்கும் தீயணைப்பு வண்டிக்கும் எப்போதும் முதலிடம். நேரத்துக்கு முன்பே ஓடும் டிராமுக்குச் சலுகை தேவையில்லை. தாமதமாக வரும் டிராமுக்கே கேட்கிறோம்.

குறுக்குத் தெருக்களில் கார்கள் கூடுதலாகக் காத்திருக்க நேரும், மறைக்கவில்லை. ஆனால் இப்படியொரு தேர்வைச் செய்த நகரம் உண்டு. சுவிட்சர்லாந்தின் சூரிக் நகர மக்கள் 1973இல் சுரங்க ரயில் திட்டத்தை வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். 1977இல், டிராமும் பேருந்தும் தடையின்றி ஓட 20 கோடி ஃபிராங்க் செலவிட ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தேர்வை மெல்பர்னும் செய்யலாம்.

முதலில் சிட்னி சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்திப்பிலும் டிராம் சிவப்பில் நின்ற நேரத்தை மாதந்தோறும் மாநில அரசு வெளியிட வேண்டும்.