எல்லாம் வாயு என்று விட்டுவிடாதீர்கள்

பினாங்கு லிட்டில் இந்தியாவுக்கு வரும் தோட்டத்துப் பெண்கள் சேலைக்கடையோடு திரும்புவதில்லை. மளிகைக்கடையில் ஓமமும் பெருங்காயமும் வாங்காமல் பெர்ரி ஏறமாட்டார்கள். வயிறு உப்பினால் "வாயு புள்ள, ஓமத்தண்ணி குடி" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அதில் குற்றமில்லை. ஆனால் வாரக்கணக்கில் குடித்தும் வயிறு இறங்கவில்லை என்றால் டாக்டரைப் பார்த்தே ஆகவேண்டும்.

சூலகப் புற்றுநோய், அதாவது கருமுட்டைப் பையில் வரும் புற்று, இப்படித்தான் சத்தமில்லாமல் வருகிறது. வயிறு உப்பசம், நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைவது, அடிவயிற்று வலி, அடிக்கடி சிறுநீர். இவை மாதத்தில் 12 தடவைக்கு மேல் வந்தால், முக்கியமாக 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, சோதனை செய்யவேண்டும் என்பது பிரிட்டனில் டாக்டர்களுக்கு உள்ள வழிகாட்டி. "பாப் ஸ்மியர் எடுத்தேனே" என்று சும்மா இருந்துவிடக் கூடாது. அது கருப்பை வாய்க்கான சோதனை. இந்த நோய்க்கு ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வேண்டும்.

நோய் என்று தெரிந்தபின் ஆபரேஷன், கீமோதெரபி என்று மாதக்கணக்கில் போகும். குணமாகி, சில வருஷம் கழித்துத் திரும்பி வருவதும் உண்டு. இத்தனை காலமும் பக்கத்தில் நிற்பவர் யார்? நம் ஆட்கள் "மிஸி" என்று கூப்பிடும் தாதிதான். கீமோ ஏற்றியபின் காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் விடியும்வரை காத்திராமல் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும் என்று சொல்லித் தருபவர் அவர். குமட்டலுக்கு மருந்து உண்டு, வயிற்றில் கட்டிய நீரை எடுக்கலாம், கொட்டிய முடி பெரும்பாலும் மறுபடி வளரும் என்று தைரியம் சொல்பவரும் அவரே. ஆம்பளை டாக்டரிடம் சொல்லக் கூசுவதை அவரிடம் சொல்லலாம். பினாங்கில் 1976-இல் கன்னிமார் தொடங்கிய மவுண்ட் மிரியம் மருத்துவமனை புற்றுநோய்க்கென்றே நடக்கிறது. நோய் முற்றியவர்களை வீட்டுக்கே வந்து கவனிக்கும் ஹோஸ்பிஸ் தாதியரும் இங்கே உண்டு. கேட்டால்தான் வருவார்கள்.

ஆனால் மலாயும் ஆங்கிலமும் தட்டுத்தடுமாறும் நம் அக்காமார் எப்படிக் கேட்பார்கள்? எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டிவிட்டுத் திரும்புகிறார்கள். புற்றுநோய் வார்டுகளில் தமிழ் தெரிந்த தாதி ஒருவராவது இருக்கவேண்டும். இதைச் சலுகையாக நாம் கேட்கவில்லை.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஆஸ்பத்திரியில் படுத்தால் வருஷத்துக்கு 60 நாள் வரை சம்பளத்தோடு விடுப்பு உண்டு. 2023 ஜனவரி முதல் சாதாரண மருத்துவ விடுப்பு அதில் கழியாது. வேலையே செய்ய முடியாமல் போனால் சொக்சோவின் இயலாமை ஓய்வூதியத்துக்கு மனுப் போடலாம். ஆனால் துணைக்குப் போகும் கணவனுக்கோ மகளுக்கோ தனி விடுப்பு கிடையாது. ஒருநாள் துணைக்குப் போனால் ஒருநாள் சம்பளம் போச்சு. அதனால் பல பெண்கள் தனியாகவே பஸ் ஏறுகிறார்கள். சங்கம் அடுத்து மாப்பாவோடு பேசும்போது, துணை விடுப்பும் கூட்டு ஒப்பந்தத்தில் ஏறவேண்டும்.

அதுவரை நாம் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பக்கத்து வீட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், ஓமத்தண்ணியோடு நிறுத்தாமல், "வா, நானும் கூட வர்றேன்" என்று கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள்.