கோழிக்கு மட்டும் ஏன் மூச்சு முட்டுகிறது?

''கொட்டகையில் திரியும் ஓணானுக்கு ஒன்றும் ஆவதில்லை. கோழிக்குஞ்சுகள் மட்டும் மூச்சுத் திணறிச் சாகின்றனவே, ஏன்?''

- வாசகி, நாமக்கல் மாவட்டம்.

ஓணானின் நுரையீரல் பை போன்றது. விலா விரிந்தால் உப்பும், சுருங்கினால் காற்று வெளியேறும். அதற்குத் தேவைப்படும் பிராணவாயுவும் குறைவு. கோழியின் நுரையீரலோ முதுகுப்பக்க விலா எலும்புகளோடு ஒட்டி, அநேகமாக அசையாமல் இருக்கும். உடலுக்குள் பரவியிருக்கும் 9 காற்றுப்பைகள்தான் துருத்தி போலக் காற்றைத் தள்ளுகின்றன. அதனால் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடும். (முதலைக்கும் இப்படித்தான் என்று 2010-லும், உடும்புக்கு 2013-லும் கண்டறிந்தார்கள்.)

சிக்கல் அந்தப் பைகளில்தான். அவற்றின் சவ்வில் ரத்த ஓட்டம் மிகக் குறைவு. பூஞ்சண வித்து அங்கே போய் முளைத்துவிட்டால் மருந்து எளிதில் எட்டாது. குஞ்சுகள் வாயைத் திறந்தபடி மூச்சு வாங்கிச் சாகும். எனவே, நனைந்து பூஞ்சணம் பிடித்த உமி, மரத்தூளை ஆழ்கூளமாகப் போடவே கூடாது. அம்மோனியா நெடியில் கண் எரிந்தால், அன்றே ஈரக்கூளத்தை அள்ளிவிட வேண்டும்.

இன்னொன்று, கோழிக்கு நம்மைப்போல உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. தடுப்பூசிக்குப் பிடிக்கும்போது நெஞ்சை இறுக்காமல் பிடியுங்கள். குஞ்சுகள் தொடர்ந்து செத்தால், இறந்த குஞ்சை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.