நெய்தல் குழுவுக்குத் தலைமை யாருக்கு?

அரசுப் பள்ளிகளில் 2024 நவம்பரில் தொடங்கப்பெற்ற 'மகிழ் முற்றம்' திட்டம், மாணவரைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை எனக் குழுக்களாக்கி, அவற்றுக்கு மாணவத் தலைவர்களையும் அமர்த்தச் செய்தது. ஐந்திணைப் பெயர் சூட்டியோர் வாழ்க! (பள்ளித் தலைவனை மட்டும் இன்னும் 'எசு.பி.எல்.' என்றே விளிக்கும் வாய்களுக்கு என்ன மருந்தோ!)

மரக்காணம் பகுதியிலுள்ள கீழ்புத்துப்பட்டு மெய்யாகவே நெய்தல் நிலம். அங்கே ஈழ ஏதிலியர் முகாம் உண்டு. 2021-இல் 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாறிற்று, நிலை மாறவில்லை. 1987 சூலைக்குப் பின் இம்மண்ணிலேயே பிறந்தாலும், பெற்றோருள் ஒருவரேனும் இந்தியக் குடியினராய் இருந்தாலன்றிப் பிள்ளைக்குப் பிறப்புவழிக் குடியுரிமை இல்லை. குடியுரிமை இல்லார்க்கு ஊராட்சித் தேர்தலில்கூட வாக்கில்லை, போட்டியிடவும் இயலாது.

எனவே, அப்பிள்ளை வாக்களிக்கவும் வாக்குக் கேட்கவும் வாய்த்த ஒரே மன்று பள்ளிதான். அத்தலைமையையும் முதல் மதிப்பெண் பெற்றவனுக்கோ, ஊர்ச் செல்வர் மகனுக்கோ ஆசிரியர் அறையிலேயே எழுதிக் கொடுத்துவிடுவது எவ்வகை அறம்?

முதற் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டைப் பலரும் பாடிப் பரவுவர். நிலமுடைய பார்ப்பனர்க்கே உரிய அவை அது. முழுமையும் போற்றத் தக்கதன்று. எனினும், வாரியப் பொறுப்பில் இருந்தவர் மூன்றாண்டு கழியாமல் மீண்டும் வரலாகாது என்னும் நெறி கொள்ளத்தக்கதே.

தலைமையாசிரியப் பெருமக்களே! மாணவரே வாக்கோலை இடட்டும். ஒருமுறை தலைமை ஏற்றவர் அடுத்தவர்க்கு வழிவிடட்டும். பள்ளி திறந்ததும் நீங்கள் ஒட்டும் வேட்பாளர் பட்டியலில், உப்பளத் தொழிலாளி மகளின் பெயரும் முகாம் பிள்ளையின் பெயரும் இருக்க வேண்டும்.