பால்மரக் காட்டுக் குட்டை

நம் நாட்டில் வசந்தகாலம் இல்லை என்பார்கள். காஜாங் பக்கம் மிச்சமிருக்கும் பால்மரக் காட்டை ஏப்ரலில் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். பிப்ரவரி, மார்ச் வெயிலில் இலையுதிர்த்து நின்ற மரங்கள் தளதளவென்று துளிர்த்திருக்கும். பிற்பகலில் இடியோடு மழையும் வந்துவிடும்.

காலையெல்லாம் வானொலியில் பேசும் எனக்கு, மாலைத் தூறலில் மணியோடும் கறுப்பியோடும் பேசாமல் நடப்பதுதான் ஓய்வு. ஆனால், வழியில் குட்டை தெரிந்தால் கயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். எலியின் சிறுநீர் கலந்து தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். நாய் அதைக் குடித்தாலோ, கால் புண்ணில் பட்டாலோ ஈரலும் சிறுநீரகமும் பழுதாகலாம். நாயின் சிறுநீர் வழியாக நமக்கும் தொற்றலாம்.

தோட்டத்து நாய் எதையும் தாங்கும் என்பது பழைய பேச்சு. ஆண்டுதோறும் போடும் தடுப்பூசி பற்றிக் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். குடிக்க வீட்டுத் தண்ணீரையே கொண்டுபோங்கள். திரும்பியதும் கால்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களும் வெறுங்காலோடு நடக்காதீர்கள். நாய் சாப்பிடாமல் சுருண்டு கிடந்து வாந்தி எடுத்தால், நாளைக்குப் பார்க்கலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.