‘எல்லாக் கம்பனியும் ஒண்டுதான்’: அப்படியா?

ஈஸ்ட்ஹாம், ஹரோ, டூட்டிங் என்று லண்டனில் தமிழர் கூடும் இடமெல்லாம் குளிர் தொடங்கினால் கரண்ட், காஸ் பில் பேச்சும் தொடங்கிவிடும். பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் ஒரே தீர்ப்பில்தான் வந்து நிற்கும்: “எல்லாக் கம்பனியும் ஒண்டுதான். கவர்மென்ட்டே பிரைஸ் கேப் போட்டு வைச்சிருக்குது. பிறகேன் மாறுவான்?”

இதைச் சோம்பேறிகளின் பேச்சு என்று தள்ள நான் தயாரில்லை. அதற்கு இரண்டு நியாயங்கள் உண்டு. இலங்கையில் கரண்ட் என்றால் மின்சார சபை, தமிழ்நாட்டில் என்றால் மின்வாரியம். மின்சாரத்தைக் கடை கடையாக விலை கேட்டு வாங்கிய பழக்கம் நம் வீடுகளில் யாருக்கும் இருந்ததில்லை. இது முதல் நியாயம். இரண்டாவது இதைவிடக் கனமானது. 2021 இலையுதிர் காலத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் இந்தத் தீர்ப்பு முழுக்கச் சரியாகவே இருந்தது. அப்போது அவசரப்பட்டு மாறியவர்தான் நட்டப்பட்டார். அன்று சரியாக இருந்ததை இன்றும் வேதவாக்காகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் பிழை.

முதலில் பிரைஸ் கேப். இது 2018இல் வந்த சட்டத்தின்படி 2019 ஜனவரி 1 முதல் இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்கொட்லாந்து ஆகிய மூன்றிலும் நடைமுறையில் இருக்கிறது. வட அயர்லாந்துக்கு இது பொருந்தாது. ஒழுங்குமுறை அமைப்பான ஒஃப்ஜெம் இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதைத் திருத்துகிறது. 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த தொகை ஆண்டுக்கு 1,755 பவுண்ட். செய்தியில் இந்தத் தொகையைக் கேட்ட பலர், ‘எவ்வளவு பாவித்தாலும் பில் இதற்கு மேல் போகாது’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். போகும். தாராளமாகப் போகும்.

கட்டுப்படுத்தப்படுவது யூனிட் விலையும் நாளாந்த ஸ்டாண்டிங் சார்ஜும் மட்டுமே. அந்த அக்டோபரில் டைரக்ட் டெபிட்டில் கட்டுவோருக்கு நாட்டுச் சராசரியாக மின்சாரம் யூனிட் 26.35 பென்ஸ், காஸ் 6.29 பென்ஸ். ஸ்டாண்டிங் சார்ஜ் மின்சாரத்துக்கு நாளுக்கு 53.68, காஸுக்கு 34.03 பென்ஸ். ஆண்டுக்கு 2,700 யூனிட் மின்சாரமும் 11,500 யூனிட் காஸும் பாவிக்கும் ஒரு ‘சராசரி’ வீட்டுக்கு இந்த விலைகளைப் போட்டால் வருவதுதான் 1,755. அந்த வீடு உங்கள் வீடாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஒருவர் தனியாக இருக்கும் ஃபிளாட்டில் 1,800 யூனிட் மின்சாரமும் 7,500 யூனிட் காஸும் போனால் அதே விலையில் சுமார் 1,266 பவுண்ட் வரும். அம்மா, அப்பா, பிள்ளைகள், அம்மம்மா என்று எல்லாரும் இருந்து, 4,100 யூனிட் மின்சாரமும் 17,000 யூனிட் காஸும் போகும் வீட்டில் ஏறக்குறைய 2,470 பவுண்ட். இரண்டு வீடுகளும் கேப்புக்குள்தான் இருக்கின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இதற்கு மேல் விற்காதே என்று சொல்லும் சட்டம், இதற்குக் கீழே விற்காதே என்று எங்கும் சொல்லவில்லை. அந்த வரம்பும் கம்பனியின் வழமையான வேரியபிள் விலைக்குத்தான். குறித்த காலத்துக்கு விலையை மாற்றாமல் வைக்கும் ஃபிக்ஸ் திட்டங்களுக்கு அது இல்லை. அதனால் ஃபிக்ஸ் விலை கேப்புக்குக் கீழேயும் வரலாம், மேலேயும் வரலாம். 2025இல் சராசரி வீட்டுக் கணக்கில் கேப்பைவிட நூறு பவுண்டுக்கு மேல் குறைவான ஃபிக்ஸ் திட்டங்கள் சந்தையில் இருந்தன. எல்லாக் கம்பனியும் ஒன்று என்றால் இது எப்படி?

கேப் எதற்காக வந்தது என்று பார்த்தாலே விஷயம் விளங்கும். போட்டி மற்றும் சந்தை ஆணையம் 2016இல் வெளியிட்ட விசாரணை அறிக்கை, ஆறு பெரிய கம்பனிகளின் வாடிக்கையாளர்களில் சுமார் 70 சதவீதம் பேர் வழமையான வேரியபிள் விலையிலேயே கிடந்ததைக் காட்டியது. சரியான போட்டி இருந்திருந்தால் கட்டவேண்டி வந்திருக்கும் தொகையைவிட மக்கள் ஆண்டுக்குச் சராசரியாக 140 கோடி பவுண்ட் கூடுதலாகக் கட்டியிருந்தார்கள். புதிதாக வருபவருக்கு மலிவு விலை, பேசாமல் இருக்கும் பழைய ஆளுக்கு உயர்ந்த விலை என்பதே அன்றைய வியாபாரம். பேசாமல் இருப்பவரைக் கண்மண் தெரியாமல் உரிக்காமல் தடுக்கத்தான் கேப் கொண்டுவரப்பட்டது. அது ஒரு காவல். காவலைக் காட்டி ‘இதுதான் நல்ல விலை’ என்று முடிவு கட்டினால் மறுபடியும் அந்த 70 சதவீதத்தில் போய்ச் சேர்கிறோம்.

அப்படியானால் 2021இல் மட்டும் ஏன் கதை தலைகீழானது? கேப் கணக்கிடப்படுவது முந்தைய சில மாதங்களின் மொத்தச் சந்தை விலைச் சராசரியை வைத்து. ஃபிக்ஸ் திட்டத்தின் விலையோ, வரப்போகும் மாதங்களுக்கு இன்று சந்தையில் என்ன கேட்கிறார்கள் என்பதை வைத்துப் போடப்படுகிறது. சந்தை திடீரென ஏறும்போது கேப் பின்தங்கி நிற்கும். ஃபிக்ஸ் உடனே ஏறிவிடும். 2021 அக்டோபரில் கேப் 1,277 பவுண்ட். கம்பனிகள் காஸ் வாங்கிய விலை அதைத் தாண்டிப் போயிருந்தது. அதனால் அசையாமல் இருந்தவரே அன்று கெட்டிக்காரர். அடுத்த ஆண்டு உக்ரைன் போர், 2022 அக்டோபரில் 3,549 பவுண்ட் கேப், அதை 2,500க்கு இறக்கிப் பிடித்த அரசாங்க உத்தரவாதம் என்று போய், 2023 ஜூலையில் கேப் 2,074க்கு வந்தது. அந்தக் காலம் முழுக்க ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சந்தையில் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் சந்தை இறங்கும்போது இதே பொறிமுறை எதிர்த்திசையில் வேலை செய்யும்: ஃபிக்ஸ் முதலில் இறங்கும், கேப் பின்னால் வரும். இதைச் சொல்லித் தராமல் ‘மாறாதே’ என்ற முடிவை மட்டும் ஒருவருக்கொருவர் கைமாற்றிக்கொண்டோம்.

அடுத்தது பயம். “மாறினால் கரண்ட் நிண்டுபோகும்”, “பேர் தெரியாத கம்பனி விழுந்தால் காசும் போகும்.” கரண்ட் நிற்காது. லண்டனின் பெரும்பகுதியில் வயர் யூகே பவர் நெட்வொர்க்ஸ் உடையது. காஸ் குழாய் வடக்கே கேடன்ட், தெற்கே எஸ்ஜிஎன். நீங்கள் எந்தக் கம்பனிக்குக் காசு கட்டினாலும் அதே வயர், அதே குழாய், அதே மீட்டர்தான். காஸ் மணந்தால் கூப்பிடும் அவசர எண்ணும் மாறுவதில்லை. 2022 ஜூலைக்குப் பிறகு மாற்றம் ஐந்து வேலை நாளில் முடிந்துவிடுகிறது. மனம் மாறினால் விலகிக்கொள்ள 14 நாள் இருக்கிறது. பழைய முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர் சிலவற்றில் மாறியபின் ரீடிங் தானாகப் போகாமல் நின்றுவிடலாம். அப்போது பார்த்து அனுப்ப வேண்டும். உள்ள தொல்லை அவ்வளவே.

கம்பனி விழுவது கற்பனையில்லை. 2021 முதல் கிட்டத்தட்ட முப்பது கம்பனிகள் விழுந்தன. பல்ப் என்ற கம்பனி விழுந்தபோது அதில் 15 லட்சத்துக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். ஒருவர் வீட்டிலும் விளக்கு அணையவில்லை. விழுந்த கம்பனிகளின் வாடிக்கையாளர்களை ஒஃப்ஜெம் வேறு கம்பனிகளுக்கு ஒப்படைத்தது. வீடுகளின் கணக்கில் மிச்சமிருந்த பணமும் பாதுகாக்கப்பட்டது. பல்ப்பை நிர்வாகத்தின் கீழ் கொண்டுவந்து, பின்னர் ஒக்டோபஸ் என்ற கம்பனியிடம் கொடுத்தார்கள். இந்தக் குழப்பத்தின் செலவு நாட்டில் எல்லாருடைய ஸ்டாண்டிங் சார்ஜிலும் ஏற்றப்பட்டது. ‘நான் பெரிய கம்பனியிலேயே இருந்தேன், எனக்கு நட்டமில்லை’ என்று இருந்தவரும் அதைக் கட்டித்தான் தீர்த்தார்.

மாறத் துணிந்தவர்களிடமும் ஒரு தவறான கணக்கு இருக்கிறது. “அவர் மாசம் 95 பவுண்ட்தான் கட்டுறார், எனக்கு 150.” டைரக்ட் டெபிட் தொகை விலை அல்ல. அது கம்பனி போடும் மதிப்பீடு. கோடையில் கொஞ்சம் சேர்த்து வைத்துக் குளிர்காலத்தில் கழிக்கும் ஏற்பாடு. மதிப்பீட்டைக் குறைத்துப் போட்டு உங்களைப் பிடித்தால், ஆறு மாதத்தில் கணக்கில் கடன் ஏறி நிற்கும். தொலைபேசியிலும் வாசலிலும் வந்து ‘மாசம் இவ்வளவு குறையும்’ என்று சொல்பவரிடம் நாலு எண்களை மட்டும் கேளுங்கள்: இரண்டு யூனிட் விலை, இரண்டு ஸ்டாண்டிங் சார்ஜ். சொல்லத் தயங்கினால் கதவைச் சாத்திவிடலாம்.

அந்த நாலு எண்களும் உங்கள் பாவனையோடு சேர்ந்தால்தான் பொருள் தரும். ஒரு கணக்குப் போடுவோம். ஒரு திட்டம் மின்சாரத்தை யூனிட்டுக்கு 2 பென்ஸ் குறைத்து, ஸ்டாண்டிங் சார்ஜை நாளுக்கு 10 பென்ஸ் கூட்டுகிறது. கூட்டியது ஆண்டுக்கு 36.50 பவுண்ட். 1,800 யூனிட் பாவிக்கும் ஃபிளாட்டுக்கு மிச்சம் 36 பவுண்ட், ஆக ஐம்பது பென்ஸ் நட்டம். 4,100 யூனிட் பாவிக்கும் கூட்டுக் குடும்பத்துக்கு மிச்சம் 82 பவுண்ட், கழித்துப் பார்த்தால் 45.50 பவுண்ட் லாபம். ஒரே திட்டம்தான். ஆகவே மச்சான் எந்தக் கம்பனியில் இருக்கிறார் என்பது உங்களுக்கு ஒரு தகவலே இல்லை. பகுதிக்குப் பகுதி, நாட்டின் 14 மின்விநியோகப் பிரதேசங்களிலும் விலை வேறுபடுகிறது. லெஸ்டரில் இருப்பவர் சொல்லும் விலை குரொய்டனில் இருப்பவருக்குப் பொருந்தாது.

“கொம்பேர் பண்ணிற வெப்சைட்டெல்லாம் கமிஷனுக்குத்தான்.” இதில் பாதி உண்மை. அவற்றில் பல கம்பனிகளிடம் கமிஷன் வாங்குகின்றன. தங்கள் வழியாக மாறக்கூடிய திட்டங்களை மட்டும் முன்னால் காட்டுவதும் உண்டு. அதற்கு மருந்து ஒப்பிடாமல் இருப்பதல்ல. சிட்டிசன்ஸ் அட்வைஸ் அமைப்பு விலை ஒப்பிட ஒரு கருவி வைத்திருக்கிறது, அது விற்பனைக் கமிஷனுக்கு நடத்தப்படுவதல்ல. வணிகத் தளம் என்றால் ஒஃப்ஜெம் அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்து, முழுச் சந்தையையும் காட்டும் தெரிவை அழுத்துங்கள். கமிஷன் வாங்குபவர் காட்டிய விலை உண்மையிலேயே குறைவாக இருந்தால் வாங்குவதில் என்ன குற்றம்?

“நாங்கள் வாடகை வீடு.” பில் உங்கள் பெயரில் வந்து நீங்களே கட்டுகிறீர்கள் என்றால் தெரிவும் உங்களுடையது, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை. வீட்டுக்காரர் கட்டிவிட்டு உங்களிடம் வாங்கினால் தெரிவு அவருடையது, ஆனால் தான் வாங்கிய விலைக்கு மேல் உங்களுக்கு விற்க அவருக்கு உரிமையில்லை. கீ மீட்டர், கார்ட் மீட்டர் வைத்திருப்பவர்களும் மாறலாம். ஒரு எரிபொருளுக்கு 500 பவுண்ட் வரை கடன் இருந்தாலும் அந்தக் கடனோடு மாற வழி இருக்கிறது. உண்மையில் அதிக விலை கட்டுபவர் பில் வந்தபின் காசாகவோ காசோலையாகவோ கட்டும் பழைய தலைமுறைதான். 2025 அக்டோபர் கேப்பில் அவர்களுக்குச் சராசரி வீட்டுக் கணக்கில் டைரக்ட் டெபிட்காரரைவிட நூறு பவுண்டுக்கு மேல் கூடுதல். கம்பனி மாறாமலே, கட்டும் முறையை மட்டும் மாற்றினாலே அது இறங்கும். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதை ஒருமுறை பாருங்கள்.

“ஃபிக்ஸ் பண்ணினால் மாட்டுப்பட்டுப் போவம்” என்பதற்கும் பதில் உண்டு. விலகல் கட்டணம் இல்லாத ஃபிக்ஸ் திட்டங்கள் இருக்கின்றன. கட்டணம் இருக்கும் திட்டங்களிலும் அந்தத் தொகையை மிச்சத்திலிருந்து கழித்துப் பார்த்தால் லாபமா நட்டமா என்று தெரிந்துவிடும். கேப் விலையில் சும்மா இருப்பவருக்கு விலகல் கட்டணமே கிடையாது. அவர் இன்றே போகலாம்.

எதிர்த்தரப்புக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கம்பனி மாறினால் பில் பாதியாகும் என்பவரை நம்பாதீர்கள். வயர், குழாய்ச் செலவு, அரசாங்கத் திட்டச் செலவு, 5 சதவீத வற் வரி எல்லாம் எந்தக் கம்பனிக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். போட்டி நடப்பது மிச்சப் பகுதியில். ‘எல்லாம் ஒண்டுதான்’ என்பதில் உண்மை இருப்பது இந்த அளவுக்கு. கிடைக்கக்கூடியது பத்து சதவீதம் என்று வைத்தாலும், மேலே சொன்ன பெரிய குடும்பத்துக்கு அது ஆண்டுக்கு 247 பவுண்ட். வோர்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்ற 150 பவுண்ட் கழிவு பெறுபவர்கள், போகும் கம்பனி அந்தத் திட்டத்தில் இருக்கிறதா என்று கேட்டபிறகே மாறவேண்டும். இல்லையென்றால் ஒரு கையால் வாங்கி மறு கையால் கொடுத்த கதையாகும்.

கேப் மாறுவது ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களின் முதலாம் திகதியில். உங்கள் ஆண்டுப் பாவனையும், ஃபிக்ஸ் திட்டம் என்றால் அது முடியும் நாளும் பில்லில் இருக்கும். முடியும் நாளுக்கு முந்தைய 49 நாட்களில் எந்தக் கம்பனியும் விலகல் கட்டணம் கேட்கக் கூடாது. அந்த நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். தவறவிட்டால் உங்களைக் கேட்காமலே பழையபடி கேப் விலைக்குத்தான் கொண்டுபோய் விடுவார்கள்.