நரம்பில்லாத இடம் என்றார்கள்

'கர்ப்பப்பை வாயில நரம்பே கிடையாதும்மா. அங்க எப்படி வலிக்கும்?'

லீப் சிகிச்சை முடிந்து மூன்றாம் மாதம், தாம்பத்தியம் வலிக்கிறது, வலிக்காத நாளில் மரத்துப்போனதுபோல் இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்ன எனக்கு ஒரு மருத்துவமனையில் கிடைத்த பதில் இது. சொன்னவர் பெண் மருத்துவர். கடுகடுப்பாகவும் சொல்லவில்லை. எழுதிக்கொண்டிருந்த சீட்டிலிருந்து நிமிராமல், 'மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க' என்று சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி உறைத்தது. நரம்பே இல்லாத இடத்தில் அன்றைக்கு மரத்துப்போகும் ஊசியை எதற்குப் போட்டார்கள்?

அந்த ஊசி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தொடையில் சில்லென்று ஒரு தகட்டை ஒட்டினார்கள். பிறகு கர்ப்பப்பை வாயைச் சுற்றி நாலைந்து இடத்தில் சுருக் சுருக்கென்று ஊசி. மருந்து ஏறியதும் ஒரு நிமிடம் நெஞ்சு படபடத்தது. மெல்லிய கம்பி வளையத்தில் மின்சாரம் பாய்ச்சி, பின்னால் புற்றுநோயாகக்கூடிய விதத்தில் செல்கள் மாறியிருந்த பகுதியைச் சீவி எடுத்தார்கள். இதுதான் லீப். கருகல் வாசனை, புகையை உறிஞ்சும் குழாயின் இரைச்சல். பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ரத்தம் நிற்பதற்காகத் தடவிய மருந்து சில நாளைக்குக் காபித்தூள் போல வெளியேறும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். ஒரு மாதம் பாரம் தூக்கக் கூடாது, வீட்டுக்காரரோடு சேரக் கூடாது என்றும் சொன்னார்கள். அந்த ஒரு மாதத்துக்கு அப்புறம் எப்படி இருக்கும் என்று மட்டும் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

நரம்பில்லை என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் ஆல்ஃபிரட் கின்சி குழுவினர் பெண்களின் பாலியல் நடத்தை பற்றி 1953இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார்கள். அதற்காக மகளிர் மருத்துவர்கள் நூற்றுக்கணக்கான பெண்களைச் சோதித்தார்கள். கர்ப்பப்பை வாயை மெல்லத் தொட்டபோது பெரும்பாலோருக்குத் தெரியவில்லை. அழுத்தியபோது பெரும்பாலோருக்குத் தெரிந்தது. இதில் முதல் பாதி மட்டும் ஊர் ஊராகப் பரவியது, பின்பாதியை மறந்துவிட்டார்கள்.

பிறகு வந்தவர்கள் அதை மறக்கவில்லை. நியூஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் பாரி கோமிசாருக், பெவர்லி விப்பிள் இருவரும், முதுகுத் தண்டுவடம் முற்றிலும் துண்டிக்கப்பட்ட பெண்களை ஆராய்ந்தார்கள். இடுப்புக்குக் கீழே எதுவும் தெரியாது என்று சொல்லப்பட்ட பெண்கள் அவர்கள். ஆனால் கர்ப்பப்பை வாயில் தூண்டல் ஏற்பட்டபோது அது தெரிந்தது. சிலர் உச்சநிலையையும் அடைந்தார்கள். தண்டுவடத்தின் வழியாகப் போகாமல் நேராக மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பு அங்கிருந்தும் சேதி கொண்டுபோகிறது என்று விளக்கினார்கள். பெண்குறிக்காம்பு, யோனி, கர்ப்பப்பை வாய் மூன்றுக்கும் மூளையின் உணர்ச்சிப் பகுதியில் தனித்தனி இடம் இருப்பதை 2011இல் வெளியான ஸ்கேன் ஆய்வும் காட்டியது. அங்கே நரம்பில்லை என்று இன்றைக்கும் ஒருவர் சொன்னால், அவர் படிப்பதை எப்போதோ நிறுத்திவிட்டார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

சிகிச்சை செய்துகொண்ட எல்லாருக்கும் என் கதிதான் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் சில வாரங்களில் பழையபடி ஆகிவிடுகிறார்கள். ஆனால் மற்றவர்களும் இருக்கிறார்கள். தாய்லாந்தின் சியாங் மாய் பல்கலைக்கழக மருத்துவர்கள் லீப் செய்துகொண்ட பெண்களிடம் விசாரித்து 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உறவு கொள்ளும் தடவைகள் குறையவில்லை. திருப்தியும் உச்சநிலையில் கிடைக்கும் நிறைவும் கொஞ்சம் குறைந்திருந்தன. இந்த இரண்டு வரிகளை நான் பல தடவை படித்தேன். எத்தனை தடவை என்று மட்டும் கேட்டால் ஒன்றுமே மாறவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டால்தான் தெரிகிறது. வலித்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கும் பெண்களை அறிந்த நம் ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

காரணம் எப்போதும் நரம்பு மட்டுமல்ல. வெட்டிய ஆழம், தழும்பு, சுருங்கிய துவாரம், மறுபடி ரத்தம் வருமோ என்ற திகில் என்று பல இருக்கின்றன. இந்தச் செல் மாற்றத்துக்குக் காரணமான எச்.பி.வி. என்ற சொல் வீட்டுக்குள் வந்ததும் 'யார்கிட்ட இருந்து வந்துச்சு?' என்று எழும் கேள்வி இன்னொன்று. உறவில் ஈடுபடுகிற பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு தடவையாவது தொற்றும் கிருமி அது, வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கிடக்கக்கூடியது என்று கணவனையும் உட்கார வைத்து ஒரு மருத்துவர் ஐந்து நிமிடம் சொன்னால் எத்தனையோ படுக்கையறைகளில் நிம்மதி திரும்பும்.

ஆழமாக வெட்டினால் பின்னால் குறைமாதப் பிரசவம் ஆகலாம் என்பதை மருத்துவர்கள் கவலையோடு சொல்கிறார்கள். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அது பிள்ளை தங்கும் இடத்தின் வாசல் என்பதற்காக வருகிற கவலை. அதே வாசல் ஒரு பெண்ணின் இன்பத்திலும் பங்குள்ள உடம்பு என்பது யாருக்கும் தோன்றவில்லை. ஆண்களுக்குப் புராஸ்டேட் அறுவை என்றால் ஆண்மைக்கு என்ன ஆகும் என்பது முன்கூட்டியே பேசப்படுகிறது. அந்த நரம்புகளைக் காப்பாற்றி அறுவை செய்யும் முறையையே 1982இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பேட்ரிக் வால்ஷ் உருவாக்கினார். நான் புதிய அறுவை முறை எதையும் கேட்கவில்லை. இரண்டு வாக்கியம் கேட்கிறேன்.

'இதையெல்லாம் சொன்னால் பயந்துபோய்ப் பரிசோதனைக்கே வரமாட்டார்கள்' என்கிறார்கள். நல்ல மனதோடு சொல்லப்படுவது என்பதால் எனக்கு இதுதான் அதிகக் கோபம் தருகிறது. பரிசோதனை உயிர் காக்கும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் சோதனையை ஒரே ஒரு சுற்று நடத்தி, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் தந்ததில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் வரும் மரணம் 35 சதவீதம் குறைந்தது. 2007இல் உலகமே அந்த ஆய்வைப் படித்தது. அப்படிப்பட்ட தமிழ்நாட்டில், 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 30 முதல் 49 வயதுப் பெண்களில் பரிசோதனை செய்துகொண்டவர்கள் ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பேர்தான். அதாவது, வாய் மூடி இருந்தும் பெண்கள் வந்துவிடவில்லை.

எங்கள் தெருவில் பூக்கட்டும் அக்காவுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தச் சோதனை செய்து, வெள்ளைத் திட்டு தெரிகிறது என்று சொல்லி மேல்சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதமாக அந்தச் சீட்டு சாமி படத்துக்குப் பின்னால் கிடந்தது. காரணம் கேட்டேன். 'அதைப் பண்ணிக்கிட்டா புருஷன்கூட இருக்க முடியாதாமே. நாத்தனார் சொன்னா' என்றார். எந்த மருத்துவரும் சொல்லிப் பயமுறுத்தவில்லை. யாரும் எதுவும் சொல்லாததால் வந்த பயம் இது. வலியோடு திரும்பிப்போய், மனசுதான் காரணம் என்று அனுப்பப்பட்ட எவளோ ஒருத்தி வேறு யாரிடம் சொல்லியிருப்பாள்?

நான் அக்காவிடம் எனக்கு நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பிறகு வேறு ஊரில் ஒரு மருத்துவரிடம் போனதையும் சொன்னேன். அவர் பஞ்சு சுற்றிய குச்சியால், கடிகார முள் போகிற வரிசையில், ஒவ்வோர் இடமாக அழுத்தி 'இங்கயா? இங்கயா?' என்று கேட்டார். தழும்பின் ஓரத்தில் ஓரிடத்தில் துள்ளிவிட்டேன். 'சரி, இதுதான்' என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. துவாரம் சுருங்கியிருந்ததைப் பார்த்து விரித்துவிட்டார், தீட்டு வலி குறைந்தது. இறுகிப்போன இடுப்புத் தசையைத் தளர்த்த ஒரு பயிற்சியும் தடவிக்கொள்ள ஜெல்லும் தந்தார். சில மாதங்களில் வலி முக்கால்வாசி போயிற்று. மரத்தது இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. அதையும் சொன்னேன். புற்றுநோய் வராமல் தப்பியிருக்கிறேன் என்பதையும் சொன்னேன்.

அக்கா கையிலிருந்த சரத்தை முடிந்து கூடையில் வைத்தார். 'சரி, திங்கக்கெழம போவோம். நீயும் கூட வா. கேக்க எனக்குக் கூச்சமா இருந்துச்சுன்னா நீ கேளு' என்றார்.