ஒரே மருந்து, இரண்டு மாடு: ஒன்று தேறியது, ஒன்று தேறவில்லை!

கேள்வி: ‘‘எங்களிடம் இரண்டு கலப்பினக் கறவை மாடுகள் உள்ளன. கார்த்திகை மழையில் இரண்டுக்கும் மடிநோய் வந்தது. ஒரே டியூப் மருந்தைத்தான் இரண்டுக்கும் ஏற்றினோம். ஒன்று தேறிவிட்டது. மற்றொன்றுக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. அதை விற்றுவிடலாமா?’’

– வாசகர், திருக்கழுக்குன்றம்.

பதில்: அவசரப்பட்டு விற்காதீர்கள். நெல் இலை மஞ்சளானால், தழைச்சத்துக் குறைவா, இரும்புச்சத்துக் குறைவா என்று பார்த்துத்தானே உரம் போடுகிறோம்? மடிநோயும் அப்படித்தான். வெளியே தெரியும் வீக்கம் ஒன்று. உள்ளே இருக்கும் கிருமி வேறு வேறாக இருக்கலாம். மாடு தேறுவது பெரும்பாலும் அந்தக் கிருமியின் இனத்தைப் பொறுத்தது.

‘ஸ்ட்ரெப்டோகாக்கஸ்’ குடும்பத்தையே எடுத்துக்கொள்வோம். இதில் ‘அகலாக்டியே’ என்ற இனம் மடிக்குள் வாழ்வது. அந்தப் பெயருக்கே ‘பால் இல்லாமை’ என்று பொருள். கறப்பவர் கை, மடி துடைக்கும் துணி வழியாக மாட்டுக்கு மாடு பரவும். வீக்கமே தெரியாமல் பாலைக் குறைத்துவிடும். ஆனால், பென்சிலின் வகை மருந்துக்குப் பெரும்பாலும் கட்டுப்படும்.

‘யூபெரிஸ்’ என்ற இனம் சாணம், ஈர வைக்கோல், சேற்றில் இருப்பது. மருந்தில் குணமானாலும், கொட்டகை ஈரமாக இருந்தால் மறுபடி தொற்றும். சிலவற்றுக்குக் கூடுதல் நாள் சிகிச்சை தேவைப்படும். ‘டிஸ்கலாக்டியே’ பெரும்பாலும் காம்பில் உள்ள புண், வெடிப்பு வழியாக நுழையும்.

வேறு குடும்பத்தைச் சேர்ந்த ‘ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்’ என்றால் சிரமம் அதிகம். மடித் தசைக்குள் புகுந்து பதுங்கிக்கொள்ளும். மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேராது.

நான் பயிர் படித்தவன். மருந்தைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நீங்கள் செய்ய வேண்டியது, அடுத்த ஊசிக்கு முன்பே பால் மாதிரி எடுக்கச் சொல்வது. காம்பைக் கழுவித் துடைத்து, நுனியை ஸ்பிரிட் பஞ்சால் சுத்தம் செய்து, முதல் சில பீச்சுகளை விட்டுவிட்டு, கிருமி நீக்கிய குப்பியில் பிடித்து, ஐஸ் வைத்து அன்றே அனுப்ப வேண்டும். மாதவரத்தில் கால்நடைப் பல்கலைக்கழக ஆய்வகம் உள்ளது. கிருமி எது, எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்பது முடிவில் தெரியும்.

அதுவரை, நோயுள்ள மாட்டைக் கடைசியாகக் கறங்கள். கறந்ததும் காம்பைப் போவிடோன் அயோடின் கரைசலில் நனையுங்கள். அரை மணி நேரம் படுக்காமல் இருக்கத் தீவனம் போடுங்கள். காம்புத் துளை மூட நேரம் கிடைக்கும். வீக்கம் குறைந்தாலும், மருத்துவர் சொன்ன நாள்வரை மருந்தை நிறுத்தாதீர்கள். மருந்து ஏற்றிய நாள்களிலும், அதன் பிறகு அவர் சொல்லும் நாள்வரையிலும் அந்தப் பாலை ஊற்றக் கூடாது.

ஆய்வில் ஆரியஸ் என்று வந்து, மடியும் கல்லாக இறுகியிருந்தால், கழிப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். தெரியாமல் சந்தையில் விற்றால், நோய் இன்னொருவர் கொட்டகைக்குத்தான் போகும்.